ஓட்டுகிறவள் பக்கத்துக் கதவு

என் அக்கா புருஷனைப் பட்டறைத் தெருவில் எல்லோரும் ‘கிராம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பந்தயக் கார்களின் இரும்புக் கதவையும் பானெட்டையும் கழற்றிவிட்டு, அதே அளவில் ஃபைபரில் செய்து மாட்டுவது அவர் தொழில். கார் கிராம் கிராமாக இளைக்க இளைக்க வேகம் கூடும். வீட்டிலும் அதே புத்திதான். அக்காவின் கைப்பையைத் தூக்கிப் பார்த்து, “இதுல பாதி தேவையே இல்ல” என்பார். “முதல்ல உங்க தொப்பையக் கழட்டி வைங்க, அப்புறம் என் பையப் பாக்கலாம்” என்பாள் அக்கா.

தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கார் சீட் தைப்பவன் நான். அவர் ஃபைபர் துணியை அடுக்கடுக்காக விரித்து, பிசின் தடவி ரோலர் உருட்டும் சத்தத்தை வைத்தே மனுஷன் எப்படி இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். பட்டறைக்கு வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத்தில் அவர் மகளே ஓட்டப்போகிறாள் என்று முடிவான நாளிலிருந்து அந்தச் சத்தம் சரியில்லை. அதுவரை யார் யார் பெற்ற பிள்ளைகளுக்கோ சீட்டியடித்துக்கொண்டே காரை இளைக்க வைத்தவர் அவர்.

“உள்ள இரும்புக் கூண்டு இருக்கு அத்தான். அவளக் காப்பாத்தறது அதுதான். கதவு சும்மா காத்துக்கு ஒரு மறைப்பு” என்றேன்.

“எனக்குத் தெரியாதா மச்சான்? கூண்ட வெல்ட் பண்ணும்போது பக்கத்துலயே நின்னேனே.”

தெரிந்து என்ன? தடுப்புக்கு அந்தப் பக்கம் ரோலர் சத்தம் மாறவே இல்லை.

எடை போடும் நாள் வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் அடியில் தனித்தனியாகத் தராசு. ஓட்டுகிறவர் பக்கம் மட்டும் கணக்குக்கு மேல் காட்டியது. மகள் பேட்டரியைப் பார்த்தாள், சீட்டின் அடியில் தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டு கதவுகளையும் கழற்றி, கைக்கு ஒன்றாகத் தூக்கினாள். அவளும் கிராமின் மகள்தானே, சட்டென்று பிடித்துவிட்டாள்.

“அப்பா, இந்தக் கதவுல எத்தன அடுக்குத் துணி?”

அத்தான் மெழுகு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“எல்லாத்துக்கும் போட்ட மாதிரிதான்மா.”

“பொய் சொல்ல வரலன்னா சொல்லாதீங்கப்பா.”

“ரெண்டு அடுக்கு கூடப் போட்டேன். உன் பக்கமாச்சே.”

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஒரு பக்கம் கனமா இருந்தா வளைவுல கார் எப்படிப் போகும்னு என் கைக்குப் பிடிபடாதுப்பா. எனக்கு அதுதான் பயம். உங்களால முடியலன்னா சொல்லுங்க, தெருக்கோடிப் பட்டறைல குடுத்துக்கறேன்.”

தெருக்கோடிக்காரன் பிசினை அளக்காமல் கவிழ்க்கிறவன். கதவைக் கையால் தட்டினாலே விரிசல் விடும். அத்தான் வசமாக மாட்டிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

“பெத்தவர் மனசுன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா உனக்கு?” என்று எகிறினேன்.

“மாமா, என் சீட்ல நீங்க எவ்வளவு கூட ஸ்பாஞ்ச் அடைச்சிருக்கீங்கன்னும் எனக்குத் தெரியும். அதையும் பிரிச்சிடுங்க.”

தையல் பிரிக்கும் கத்தரியைத் தேடப் போனேன்.

அத்தான் மறுபடி அச்சுக்கு மெழுகு பூசினார், துணியை விரித்தார், பிசினை அளந்து ஊற்றினார். இம்முறை ரோலர் சத்தமே கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாக உருட்டினார். காய்ந்த கதவை, பெயின்ட் அடிக்கும் முன், ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் உள்ளே புகுந்து வந்தது. பின்னால் இருந்த அவர் விரல்களின் நிழல் ஐந்தும் தெரிந்தன. ஒரு குமிழி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. அவர் வாழ்க்கையில் செய்ததிலேயே நல்ல கதவு அதுதான்.

பந்தயத்தன்று பக்கத்துக் கூடாரத்து மெக்கானிக், இன்னும் மாட்டாமல் சாய்த்து வைத்திருந்த அந்தக் கதவை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்து, “அண்ணே, காகிதம் மாதிரி இருக்கே!” என்று வியந்தான். அத்தான் சிரிக்க முயன்றார். அக்கா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

மகள் உள்ளே ஏறி சீட் வாரைப் பூட்டிக்கொண்டாள். அத்தான்தான் கதவைச் சாத்தினார். சத்தமே இல்லை. கொக்கியை மாட்டிவிட்டு, உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்து அப்படியே நின்றார். கை பட்ட இடத்தில் கதவு லேசாகக் குழிந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஹெல்மெட்டுக்குள் இருந்து குரல் வந்தது.

“கைய எடுங்கப்பா. கிளம்பணும்.”

எடுத்தார்.