ஒரு படகுகூடப் போகாத நாள்

அம்மா தியேட்டரில் பார்த்த கடைசிப் படம், என் அண்ணனைச் சுட்ட போலீஸ் அதிகாரியின் வாழ்க்கைக் கதை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கூட்டிக்கொண்டு போனது நான்தானே.

அண்ணன் யோக்கியன் என்று நான் எங்கேயும் வாதாடியதில்லை. எண்ணூர் பக்கம் எங்கள் குப்பத்தில் அவனைப் பார்த்தால் கடைக்காரர்களுக்கு முகம் மாறும். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளை மறித்து மாமூல் கேட்கிற கும்பலோடு சுற்றினான். இரண்டு வழக்குகள் இருந்தன. அதற்குக் கோர்ட் இருக்கிறது, ஜெயில் இருக்கிறது என்பதுதான் என் கட்சி. அந்த அதிகாரி அதற்கெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை. தப்பி ஓடப் பார்த்தான், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று மறுநாள் பேப்பரில் வந்தது. அதே வாசகத்தை அதற்கு முன்பும் நான்கைந்து பேருக்கு நான் படித்திருக்கிறேன்.

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. அவர் வந்த பிறகுதான் பெண் பிள்ளைகளைத் தைரியமாக டியூஷனுக்கு அனுப்புகிறோம் என்று எதிர் வீட்டு அக்கா என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். பொய் இல்லை. எனக்கும் அந்தத் தெருவில் நடக்கப் பயம் குறைந்துதான் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊரில் யார் செத்தாலும் அடக்கம் முடிகிற வரை ஒரு படகும் கடலுக்குப் போகாது. பஞ்சாயத்து ஆள் தெருத் தெருவாக வந்து, நாளைக்கு யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது என்று சத்தம் போட்டுவிட்டுப் போவார். குடித்துச் செத்தவனுக்கும் நின்றிருக்கிறது, ஊரோடு சண்டை போட்டு ஒதுங்கியிருந்த கிழவனுக்கும் நின்றிருக்கிறது. புயல், அம்மன் திருவிழா, சாவு. இந்த மூன்றைத் தவிர வேறு எதற்கும் நின்று நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு நிற்கவில்லை. கரையில் போலீஸ் வண்டி நின்றது. கூட்டம் சேரக்கூடாது, வழக்கம்போல எல்லாம் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஊர்த் தலைவர் பயந்துவிட்டார். காலையில் அண்ணனை வாசலில் கிடத்தியிருந்தபோது படகுகள் ஒவ்வொன்றாக எஞ்சின் போட்டுக்கொண்டு கிளம்பின. அம்மா அழுவதை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

போலீஸை அம்மா திட்டி நான் கேட்டதே இல்லை. அவளுடைய கோபமெல்லாம் படகுகள்மேல்தான். "சுட்டவன் அசலூர்க்காரன். போட்டெல்லாம் எடுத்துகினு கடலுக்குப் போனது நம்ப ஜனம்டி," என்பாள். தலைவர் எங்களுக்கு ஒருவகையில் பெரியப்பா முறை. மூன்று வீடு தள்ளித்தான் இருந்தார். பதினாறு வருஷம் அம்மா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது, இரண்டு இளைஞர்கள் அம்மாவைத் தேடி வந்தபோதுதான். அண்ணனைப் பற்றிக் கேட்டார்கள். அம்மா காபி போட்டுக் கொடுத்து, போட்டோவைக் காட்டி, எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஒரு படகுகூட நிற்கவில்லை என்பதை இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறாள். நான் அப்போது மணலி புதுநகரில் குடியிருந்தேன். போனில் விஷயம் கேட்டதும் கத்தினேன். "பாவம்டி, நல்லா குந்தி கேட்டுதுங்க," என்றாள் அம்மா.

சில வாரம் கழித்து ஒரு நாள் விடிந்ததும் அம்மாவிடமிருந்து போன். குரலே வேறு மாதிரி இருந்தது. "ஊரு நின்னுடுச்சிடி. ஒரு போட்டு கூட போவல. நேத்து சாயங்காலமே வந்து சத்தம் போட்டுட்டு போனாங்க. யாரும் சாவல, திருவிழாவும் இல்ல. என் புள்ளைக்குத்தான்டி. நான் அந்தப் பசங்ககிட்ட சொன்னதக் கேட்டு இவங்களுக்கு இப்பத்தான் ஒறைச்சிகீது." தலை முழுகிவிட்டு அண்ணன் படத்துக்கு விளக்கேற்றி வைத்திருப்பதாகச் சொன்னாள். மூட்டு வலியால் கரை வரைக்கும் அவளால் போக முடியாது. எஞ்சின் சத்தம் இல்லாததை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாள்.

மதியம் தலைவர் கூப்பிட்டார். "பாப்பா, உங்கம்மா வந்து என் கையப் புடிச்சிகினு அழுதுச்சி. நல்லா இருங்கன்னு சொல்லிட்டுப் போவுது. ஷூட்டிங்குக்கு எல்லா போட்டும் வரிசையா நிக்கணும்னு அவங்க கேட்டாங்க, அதான் நிறுத்தனோம். இன்னா சொல்றதுன்னே தெரியல. சொல்லிடட்டுமா?"

யோசிக்கக்கூட இல்லை. "சொல்லாதீங்க பெரிப்பா," என்றேன். பதினாறு வருஷம் கழித்து அவள் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடட்டும் என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

படம் வெளியானது. திருவொற்றியூர் நெடுக அந்த அதிகாரியாக நடித்தவர் மீசையை முறுக்கிக்கொண்டு சுவரில் நின்றார். அம்மா பிடிவாதம் பிடித்தாள். "அவன் கதை எனக்கு எதுக்கு? ஊரே நின்னத ஒரு தபா கண்ணால பாத்துட்றேன்." எங்கள் கரையில் வருகிற காட்சியை எடுத்தது ஊர் நின்ற அதே நாளில்தான் என்று எதிர் வீட்டு அக்கா சொல்லியிருந்தாள். ஷூட்டிங்காரர்களும் ஊர் நின்றதைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டார்கள் என்று அம்மா நினைத்திருந்தாள். மழுப்பிப் பார்த்தேன். இன்று நாளை என்று தள்ளிப் பார்த்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை பகல் காட்சிக்கு ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனேன்.

இடைவேளை வரை அம்மா பாதி தூங்கினாள். பிறகு எங்கள் கரை வந்தது. படகுகள் வரிசையாக நின்றன, ஒன்றுகூடக் கடலில் இல்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா. பாத்தியாடி."

அண்ணனாக வந்த பையன் படகுகளுக்கு நடுவே ஓடினான். அதிகாரி நிதானமாக நடந்து வந்து சுட்டார். தியேட்டரில் விசில் பறந்தது. எங்களுக்குப் பின்வரிசையில் யாரோ எழுந்து நின்று கத்தினார்கள். திரையில் குப்பத்து ஜனம் ஓடி வந்து கைதட்டியது, பட்டாசு வெடித்தது. எல்லாம் தெரிந்த முகங்கள். முன்வரிசையில் எதிர் வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே கைதட்டினாள். அவள் கட்டியிருந்தது அம்மாவின் பச்சைப் புடவை. ஷூட்டிங்குக்கு முந்தின நாள், எதற்கென்று சொல்லாமல், ஒரு கலர் புடவை கொடு அத்தை என்று கேட்டு வாங்கிப்போனது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஹீரோ வருவார், கைதட்டுங்கள் என்று மட்டும்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவின் கை என் கையிலிருந்து கழன்றது.

ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். டோல்கேட் தாண்டிய பிறகு, "அந்த விசில் சத்தம் அன்னிக்கு எஞ்சின் போட்டாங்களே, அதே மாதிரி இருந்துச்சிடி," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஊரு நின்னது படத்துக்குன்னு உனக்குத் தெரியும் இல்ல?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

"அவரு கையப் புடிச்சி நல்லா இருங்கன்னு சொல்லிட்டு வந்தேனே. நீயாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல."

அந்தப் பச்சைப் புடவையை அவள் அதற்குப் பிறகு கட்டவில்லை. தலைவரிடமும் பேசவில்லை. என்னிடம் பேசினாள், ஆனால் படகுகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுத்ததில்லை. அதற்கு முன்பு புலம்பித் தீர்த்ததே தேவலாம் என்று இருந்தது எனக்கு.

அடுத்த ஆவணியில் அம்மா போய்விட்டாள். மற்றவர்களை அனுப்பாமல் தலைவரே அந்தத் தள்ளாத வயதில் தெருத் தெருவாகப் போய்ச் சத்தம் போட்டார். காலையில் கரையில் எஞ்சின் சத்தமே இல்லை. நான் வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லா போட்டும் நிக்குது பாப்பா. அம்மாவுக்கும், உங்க அண்ணனுக்கும் சேத்துன்னு வெச்சிக்கோயேன்."

சரி என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதை அம்மாதான் சொல்ல வேண்டும். உள்ளே படுத்திருந்த அவளைத் திரும்பிப் பார்த்தேன்.