இரண்டு முறை நிறுத்த கணி வெள்ளரி

கரமனையில் பட்டாபியின் வீட்டுக் கொல்லையில் காய்த்த எதுவும் தராசு ஏறாமல் அடுப்பு ஏறாது. அவர் மனைவி சீதாலக்ஷ்மி ஏற்படுத்திய வழக்கம் அது. நிறுத்த எடையை அடுக்களைக் காலண்டரில் குறித்துவைப்பாள். போன கோடையில் மொத்தம் நாற்பத்தொரு கிலோ. "என்னைத் தாண்ட உங்களால முடியாது" என்று சிரித்தாள். ஆவணியில் காலமானாள்.

இந்தக் கோடையில் தாண்டியே தீருவதென்று பட்டாபி தனியாகப் பாடுபட்டார். கோடையை முடித்துவைக்கும் இடவப்பாதி மழை பிடித்த அன்று கடைசி வெண்டைக்காயையும் நிறுத்துக் கூட்டிப் பார்த்தார். நாற்பத்திரண்டு கிலோ.

உறைமோர் வாங்க வந்த அடுத்த வீட்டு ஜானவி காலண்டரைப் புரட்டினாள். "மாமா, விஷுவுக்கு முதல்நாள் வெள்ளரிக்காய் ரெண்டு கிலோ. மறுநாளும் ரெண்டு கிலோ. ரெண்டு காயா பறிச்சேள்?"

"ஒண்ணுதான். விஷுக்கணித் தட்டுல வைக்கப் பறிச்சப்போ நிறுத்தேன். கணி பார்த்தப்புறம் மோர்க்குழம்புக்கு நறுக்கறச்சே மறுபடியும்..." பட்டாபி பென்சிலைத் தேடினார்.

"அப்போ நாப்பதுதான். மாமியே ஜெயிச்சா. நான் யார்கிட்டயும் சொல்லலை, கேட்டேளா."

காலண்டரில் ஒரு வெள்ளரிக்காய்க் கணக்கைப் பென்சிலால் அடித்தார். ஏனோ மனசு லேசாக இருந்தது.

"தெரு முழுக்கச் சொல்லேன்" என்றார். "அவளைத் தாண்டியிருந்தா அடுத்த கோடைக்கு நான் யாரோட மல்லுக்கட்டறது?"