அம்மாவின் வலது கை அளந்த திரைகள்

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த சாதாரண வேலை, ஒரு மொனிட்டரின் தாமதத்தை அளந்தது. கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குப் போகும் வீதியில் இருக்கும் எங்கள் கடையில். மழை பெய்த ஒரு சனிக்கிழமை.

விளையாடுகிறவர் மவுஸை அழுத்துகிறார். திரையில் துப்பாக்கி வெடிக்கிறது. இடையில் திரை எடுத்துக்கொள்ளும் நேரம்தான் தாமதம். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. விளையாடுகிறவர் தோற்றுக்கொண்டே இருப்பார்.

அம்மாவின் பெயர் றீற்றா. கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். கண்டி டவுனில் வீடியோ கசட் வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். கசட் காலம் போனதும், தொலைபேசி அழைப்புக்கும் போட்டோகொப்பிக்குமாகச் சொந்தக் கடை போட்டார். அதுவும் போனதும், ஜப்பானிலிருந்து வரும் பாவித்த பழைய மொனிட்டர்கள். ஒரு தொழில் முடிந்தால் அதைப் பற்றிப் பேசமாட்டார். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவார்.

ஒருமுறை குண்டசாலையில் ஒரு வீட்டுக்குப் பெரிய டிவி விற்றார். அதில் கேம் விளையாடினால் தோற்கிறோம் என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். அம்மா சிரித்தார். பிறகு தானே விளையாடிப் பார்த்தார்; சிரிப்பு நின்றது. படத்தை அழகாக்குவதற்காக அந்த டிவி ஒவ்வொரு காட்சியையும் கொஞ்சம் பிடித்துவைத்துத்தான் காட்டியது. கேம் மோட் போட்டதும் சரியாகியது. அதன் பிறகு அம்மா எதையும் அளக்காமல் விற்றதில்லை.

அவருடைய முறை இது. திரை பச்சையாக மாறியவுடன் மவுஸை அழுத்த வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தது என்று கொம்பியூட்டர் காட்டும். அதற்குள் மனிதனின் நேரமும் இருக்கிறது, திரையின் நேரமும் இருக்கிறது. தாமதமே இல்லாத பழைய குழாய் மொனிட்டரில் பல தடவை அழுத்தி, சராசரி எடுத்து, தன் எண்ணைத் தெரிந்துவைத்திருந்தார்: இருநூற்றெண்பது மில்லிசெக்கன். வேறு திரையில் வருவதிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது அந்தத் திரையின் தாமதம். நுட்பமான வித்தியாசங்களுக்கு இது உதவாது. மோசமான திரையைப் பிடிக்கப் போதும். இடம் போதாமல் குழாய் மொனிட்டரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார். தன் எண்ணை மறுபடி பார்க்க அதன் பிறகு அவரிடம் எதுவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே, கடுகண்ணாவையில் கடை வைத்திருக்கும் மஹ்மூத் நானாவிடம் வாங்கும் மொனிட்டர்கள் தாமதமாக இருக்கின்றன என்று அம்மா ஒன்றிரண்டாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கடைசியாக வந்த எல்லாமே அப்படி. வேனில் ஏற்றிக்கொண்டு அவருடைய கடைக்கே போய், ஆட்கள் முன்னால், “பழுதான சாமானத் தலையில கட்டிப்புட்டீங்களே நானா” என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். ஒன்று மட்டும் எங்கள் கடையில் மிஞ்சியிருந்தது. அதைத்தான் அன்று வாடிக்கையாளர் ஷப்ராஸ் கேட்டார். வங்கியில் வேலை, வீட்டில் முழுநேரமும் கேம்.

“வேணாம் தம்பி, இது லேக் அடிக்குது.”

“பரவாயில்ல அக்கா. தோத்தா ஸ்கிரீன் மேல பழியப் போடலாம் தானே.”

“நீ தோக்குறதுக்கு ஸ்கிரீன் எதுக்கு? சும்மாவே தோத்துருவ.”

நான் பேராதனையில் மின்னணுவியல் படித்தவள். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். போனில் மெதுவான வீடியோ எடுத்துப் பார்ப்போம் என்றேன். திரையும் அம்மாவின் விரலும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அப்போது இரண்டு நேரங்களும் பிரிந்துவிடும். பச்சை வந்ததிலிருந்து விரல் இறங்கும்வரை மனிதன். விரல் இறங்கியதிலிருந்து திரை மாறும்வரை இயந்திரம்.

அம்மா அழுத்தினார். நான் வீடியோவை ஓட்டினேன். விரல் இறங்கியதுமே திரை மாறியது. திரையில் பிழை இல்லை.

பின்னுக்குப் போனேன். திரை பச்சையாகிறது. விரல் அப்படியே இருக்கிறது. அடுத்த படம். விரல் இருக்கிறது. அடுத்தது. அடுத்தது. நகத்தில் பச்சை வெளிச்சம் விழுந்திருக்கிறது, விரல் அசையவில்லை.

“என்னா புள்ள, எவ்ளோ காட்டுது?”

“ஷப்ராஸ், நீங்க ஒருக்கா அழுத்துங்க,” என்றேன்.

சாதாரணமாக ஒருவருக்கு வரவேண்டிய எண்தான் அவருக்கு வந்தது.

“அம்மா, இப்ப இடது கையால.”

இருநூற்றெண்பதை ஒட்டி வந்தது. வலது கையால் மறுபடி அழுத்தினார். நானூறைத் தாண்டியது. மறுபடியும் தாண்டியது.

“குளிருக்குக் கை விறைச்சிருக்கும் அக்கா,” என்றார் ஷப்ராஸ்.

“ஆமா. வலது கைக்கு மட்டும் குளிருது,” என்றார் அம்மா. சிரித்தார். பிறகு அந்தக் கையை மடியில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

கடையைப் பூட்டியதும் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டேன். அம்மா தன் வண்டியை யாரிடமும் கொடுக்கிறவர் அல்ல. அன்று மறுபேச்சில்லாமல் கொடுத்தார். வீடியோவைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள், ஞாயிறு பூசைக்குப் போகுமுன் அவருடைய அறையிலிருந்து மவுஸ் சத்தம் கேட்டது. குசினியில் நின்றபடி கேட்டேன். ஒரு சத்தம். இடைவெளி. இன்னொரு சத்தம். அடுத்த சத்தம் வரும்வரை மூச்சை விடாமல் நின்றேன். உள்ளே போகவில்லை. அம்மா வெளியே வந்து, “டீ ஆறப்போகுது” என்று மட்டும் சொன்னார். கோப்பையை இடது கையால் எடுத்தார்.

மூளையின் இடப்பக்கத்தில் கட்டி. டொக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். அந்தச் சாம்பல் நிறப் படம் எப்படி உருவாகிறது என்று எனக்குத் தெரியும். அது எதற்கும் உதவவில்லை.

சத்திரசிகிச்சைக்கு முந்தைய நாள் அம்மா பயத்தைப் பற்றிப் பேசவில்லை. மஹ்மூத் நானாவைப் பற்றிப் பேசினார்.

“பாவம் அந்த மனுசன். நல்ல சாமானப் போயி பழுதுன்னுட்டேன்.”

“போன்ல சொல்லிரலாம்மா.”

“கடையில ஆளுங்க முன்னாடி வஞ்சேன். கடையில ஆளுங்க முன்னாடிதான் சொல்லணும். ஆஸ்பத்திரியிலருந்து வந்து நானே போறேன்.” பிறகு என் கையைப் பிடித்தார், வலது கையால். பிடி வருவதற்கு முன் ஒரு தாமதம் இருந்தது. இருவரும் அதைக் கவனித்தோம்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை.

அடக்கத்துக்கு மஹ்மூத் நானா வந்தார். கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே நின்று என்னிடம் சொன்னார்:

“அக்கா பழுது எண்டு சொன்னா பழுதுதான் மகள். திருப்பினதுல ஒண்டையும் நான் விக்கல்ல. வந்த தேதிய எழுதி ஒட்டி, பின்னுக்கு அடுக்கி வச்சீக்கிறேன். பழைய இரும்புக்குத்தான் போடணும்.”

தலையாட்டினேன். அங்கே சொல்ல முடியவில்லை. அம்மா சொல்ல நினைத்த இடமும் அது அல்ல.

போனால் அவருடைய கடையில், ஆட்கள் முன்னால், அந்த மொனிட்டர்களை ஒவ்வொன்றாக அளந்து காட்ட வேண்டும். உண்மையாகவே தாமதமானவை சில இருக்கலாம். அவற்றை ஒதுக்கிவிட்டால், அம்மா பிழையாகத் திருப்பிய முதல் திரை எது என்று தெரிந்துவிடும். அதன் மேல் தேதி ஒட்டியிருக்கும்: அம்மாவின் கை பிந்தத் தொடங்கிய காலம். போன மாதத் தேதியா, போன வருடத் தேதியா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது.

ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்து நான் கொழும்புக்குத் திரும்பும் பஸ் கடுகண்ணாவையில் நிற்கிறது. பஸ் ஜன்னலிலிருந்து மஹ்மூத் நானாவின் கடை தெரியும். நான் இன்னும் இறங்கவில்லை.