டீசல் மேல் போட்ட பழி

ஊர் ஊராக லாரி ஓட்டித் திரிந்தவன் நான். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் பஸ் நின்று, பெட்ரோல் பங்க்கும் மூடியிருந்த சமயம், கடையில் கேன் டீசல் வாங்கி ஊற்றிக்கொண்டு, மரவள்ளி ஏற்றக் கல்வராயன் மலைக்குப் போனேன். இரவெல்லாம் மழை. காலையில் சுமை ஏற்றும் சடையனைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவனையும் அவன் மனைவியையும் லாரியில் ஏற்றி, மூடுபனிக்காக விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பினால், ‘டக்’ என்ற சத்தம் மட்டும்தான்.

கடைக்காரன் டீசலில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று நினைத்து, டீசல் பில்டரைக் கழற்றினேன். சடையனுக்குக் கண் செருகியது.

“இன்னாண்ணா, டீசலையே மோந்துகினு கீற? சாவி போட்டா லைட்டும்தான அணையுது!” என்று அவன் மனைவி கத்தினாள்.

விளக்கும் அணைகிறது என்றால் கோளாறு டீசலில் இல்லை, கரண்டில். போய்ப் பார்த்தால், பேட்டரி முனைகள் பச்சை பூத்து ஈரத்தில் ஊறியிருந்தன. சுரண்டி இறுக்கி, பில்டரை மாட்டினேன். இன்ஜின் பிடித்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சடையன் பிழைத்துக்கொண்டான்.

இப்போதெல்லாம் மழை பெய்து வண்டி கிளம்பாவிட்டால், முதலில் விளக்கைத்தான் பார்க்கிறேன்.