அசையாத முள்

என் அக்கா புருஷன் மரியஜோசப் யாரையும் நம்பமாட்டார். வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டாடி விற்றதும் பாரிட் புந்தாருக்கு வந்து, சின்னப் படகு ஒன்று வாங்கி மீன்பிடிக்க இறங்கியவர். அப்படியும் பால்மரம் வெட்டிய கத்தி இடுப்பில் இல்லாமல் எங்கேயும் கிளம்பமாட்டார்.

எழுபத்தெட்டாம் வருஷம் திசைகாட்டி வாங்க ஈப்போவுக்குப் போனோம். கடைக்காரச் சீனர் ஐந்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மச்சான் மேசையில் வயிறு இடிக்கக் குனிந்தார். ஐந்தில் நாலு முள் அவர் பக்கமே திரும்பின. அவர் நகர்ந்தார், அவையும் கூடவே வந்தன.

“ஆளப் பாத்துத் திசை சொல்ற சாமான்லா இது,” என்று என் காதில் சொன்னார்.

“இடுப்பில் இருக்கும் இரும்பு இழுக்கிறது, கத்தியை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்,” என்றார் கடைக்காரர் மலாயில்.

மச்சான் கத்தியை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார். “அஞ்சாவது அசையவே இல்ல. அதக் கொடு.”

முள் சிக்கியிருக்கிறது, வேண்டாம் என்று கடைக்காரர் கெஞ்சினார். இது ஓடாது மச்சான் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

“விக்க மாட்டேங்கிறான்னா அதுதான் நல்ல சாமான்,” என்று வாங்கிவிட்டார்.

அடுத்த வாரம் கடலில் மழை மூடிக் கரை மறைந்தது. திசை பார்க்கப் படகை ஒரு முழுச்சுற்று திருப்பினோம். முள்ளும் வடக்கில் நிற்காமல் படகோடு சேர்ந்தே சுற்றியது. மச்சான் திசைகாட்டியை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இது ஓடாதுன்னு உனக்கு அப்பவே எப்படித் தெரியும்?”