மூன்றாம் நம்பர் வெள்ளி

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஓசூர் கடைவீதியில் எனக்கு ஒரு நகைக்கடை இருந்தது. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கும்மட்டி அடுப்பு, ஓர் உரைகல், ஓர் ஊதுகுழல், நடுவில் நான். பெங்களூர்க்காரனுக்கு வேலை தெரியாது, சேலத்துக்காரனுக்குக் கை ஓடாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் திட்டாமல் விட்டுவைத்தது ஹங்கேரிக்காரர்களை மட்டும்தான். அப்படியொரு தேசம் இருப்பது எனக்குத் தெரியாது.

அந்தக் குறையும் ஒரு திங்கட்கிழமை தீர்ந்தது. மத்திகிரியில் குதிரை பழக்கும் துரையின் மனைவி ஜட்காவில் வந்து இறங்கினார். ஹங்கேரியில் பிறந்தவர். தமிழைக் குதிரைக்காரர்களிடம் கற்றதால் மனிதர்களையும் குதிரைகளைப் போலவே அதட்டுவார். கைக்குட்டையைப் பிரித்து ஒரு கொண்டை ஊசியை எடுத்தார். உச்சியில் முறுக்குக் கம்பியால் பின்னிய ஆறிதழ் வெள்ளிப் பூ. அதைத் தாங்கிய சுருள்கம்பி அறுந்திருந்தது.

“எங்கம்மா கல்யாணத்துல வெச்சது. நானும் வெச்சேன். ஞாயித்துக்கெழம என் பொண்ணு வெக்கணும். நடந்தா பூ நடுங்கணும். நடுங்கலேன்னா வேணாம்.”

காம்பில் கடுகளவு முத்திரை. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு பெண்ணின் தலை, பக்கத்தில் 3 என்ற எண்.

“எங்க ஊரு சர்க்கார் சோதிச்சுக் குத்துறது,” என்றார் துரைசானி. “மூணுன்னா அஞ்சு பங்குல நாலு வெள்ளி, ஒண்ணு செம்பு.”

அவர் போனதும் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்றாம் வகுப்பை ரயிலில் பார்த்திருக்கிறேன், நகையில் பார்த்ததில்லை. செம்பைக் கலந்துவிட்டு அதை முத்திரை குத்தி ஊருக்கே சொல்கிறார்களே, இவர்களெல்லாம் ஆசாரிகளா? செம்பு நாங்களும் கலப்போம்தான். சொல்லிக்கொண்டா கலக்கிறோம்?

ஹங்கேரிக்கு வேலை கற்றுக்கொடுப்பதென்று முடிவு செய்தேன். சுத்த வெள்ளியில் கம்பி இழுத்து, நெருப்பில் காட்டிப் பதமாக்கி, சுருட்டிப் பூவைப் பொருத்தினேன். பூ ஒரு பக்கமாகத் தலையைத் தொங்கப்போட்டது. நிமிர்த்தினேன். மறுபக்கம் தொங்கியது.

எதிர்க்கடைக் கடிகாரக்காரர் தெலுங்கர். ஒரு கண்ணில் லென்ஸோடு வந்து நின்றார்.

“ஏமி ஆசாரியாரே, பூவு தூங்குது? தாலாட்டு பாடுறதுதானே?”

“பத்தவெச்ச எடம் சரியில்ல.”

“சுத்த வெள்ளி வெண்ணெ மாதிரியில்ல இருக்கும்? சுருளுக்கு முறுக்கு வேணும்யா. அதுக்குத்தான் செம்பு போட்டிருக்கான்.”

“கடியாரத்துக்கு எண்ணெ போடுற ஆளு எனக்கு வெள்ளி சொல்லித் தரியா?”

வீம்புக்கு மறுபடி பற்றவைக்க வெங்காரம் தடவி, பற்றுப்பொடி வைத்து, வழக்கமான வேகத்தில் ஊதினேன். சுத்த வெள்ளி அந்தச் சூட்டைத் தாங்கும், செம்பு கலந்தது முன்னாலேயே உருகிவிடும். இது எந்த ஆசாரிக்கும் தெரியும். மூன்று நாளாகச் செம்பு செம்பு என்று கேலி செய்தவன், குழலை வாயில் வைத்ததும் செம்பை மறந்துபோனேன். ஓர் இதழ் சுருங்கி மிளகு போல் உருண்டு நின்றது.

“இப்பவாச்சும் நடுங்குதா?” என்றார் கடிகாரக்காரர்.

நடுங்கியது. அவர் சிரித்த சிரிப்பில் என் கடைக் கூரை.

வெள்ளிக்கிழமை துரைசானி வந்தார். “பழைய சரக்கும்மா, தானா உருகிப்போச்சு,” என்றேன்.

“தானா உருகிச்சா? ஓசூர்ல அவ்வளவு வெயிலா?” முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எங்க ஊர்ல அந்தக் காலத்துல ஆசாரி ஆவணும்னா, பெரிய ஆசாரிங்க பாக்குற மாதிரி ஒரு சாமான் செய்யணும். தப்பா செஞ்சா கடை கெடையாது. இப்ப நீ செய். நான் பாக்குறேன்.”

பார்த்தது அவர் மட்டுமல்ல. தொரப்பள்ளியிலிருந்து தோடு வாங்க வந்த ஓர் அம்மாள் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். போன மாதம் என்னிடம் கொலுசு வாங்கியவர். தராசில் நாலு பங்கு வெள்ளியும் ஒரு பங்கு செம்பும் ஏறி, இரண்டும் ஒன்றாக உருக்கும் மூசைக்குள் போவதை அவர் கண்கொட்டாமல் கவனித்தார்.

இந்த முறை மெதுவாக ஊதினேன். புது இதழைப் பின்னிப் பற்றவைத்தேன். கம்பியைக் கடைசியாக இழுத்தபின், முறுக்கு போய்விடாமலிருக்க, நெருப்பருகில் கொண்டுபோகவில்லை. பூவின் அடியில் ஒரு சின்னத் துளை இருப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. சுருளை அதில் கோத்து முறுக்கினால் போதும், பற்றவைக்கவே வேண்டாம். ஹங்கேரிக்காரன் அப்படித்தான் செய்திருந்தான். நான்தான் பார்க்கவில்லை.

துரைசானி ஊசியை மெல்ல அசைத்தார். பூ சிலிர்த்தது. அசைவை நிறுத்திய பிறகும் சற்று நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு உற்றுப் பார்த்தார்.

“அஞ்சு இதழு எங்க ஊரு. இந்தக் குண்டு இதழு ஓசூரு. போவட்டும், பொண்ணு வெச்சுக்குவா.”

ஜட்கா கிளம்பியது. நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

“ஆசாரியாரே, வெள்ளியில செம்பு போடுவீங்களா?” என்றார் தொரப்பள்ளி அம்மாள்.

“அது ஹங்கேரி வேலைம்மா. நம்ம ஊர்ல அப்படியெல்லாம் இல்ல.”

அந்த அம்மாள் குனிந்து இரண்டு கொலுசையும் கழற்றி உரைகல்லின் மேல் வைத்தார். எதிர்க்கடையிலிருந்து கடிகாரக்காரர் தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.