உர்சுலா காத்த கம்பளிக் கோட்டு

உர்சுலாவுக்குக் கணவனின் உடல் கிடைக்கவில்லை. ஒரு கோட்டுதான் கிடைத்தது.

அவள் கணவன் லியனார்ட் ரயில் பட்டறையில் ஃபிட்டர். பெரிய போரின்போது ஈராக்கின் பஸ்ராவில் ரயில் பாதை போடப் போன படையோடு கப்பலேறினான். அங்கே காலராவில் இறந்துபோனான். சில மாதங்கள் கழித்து, சாக்கில் தைத்த பார்சல் ஒன்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே காக்கி நிறத்தில் கம்பளிக் கோட்டு.

பிள்ளையில்லாத உர்சுலா மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து, தையல் வேலை செய்து பிழைத்தாள். கோலாலம்பூர் ஈரத்தில் கம்பளியைக் காப்பது லேசான காரியமல்ல. மழை விட்ட நாளெல்லாம் கோட்டை நிழலில் காற்றாட விடுவாள். பாச்சை உருண்டை கறை படியாதபடி துணியில் முடிந்து வைப்பாள். ஒரே மடிப்பில் கிடந்தால் இழை விட்டுவிடும் என்று இடம் மாற்றி மடிப்பாள். பித்தளைப் பொத்தான்களைத் துலக்கும்போது, துணியில் புளி படாமல் ஒவ்வொன்றின் அடியிலும் காகிதம் செருகிக்கொள்வாள்.

அதே படையில் எழுத்தராக இருந்து உயிரோடு திரும்பியவர் டொமினிக். திரும்பாமல் போனவர்களின் தொப்பி, பட்டை, பித்தளை வில்லை என்று தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தார். போர் முடிந்ததன் நினைவு நாளில் அவற்றைக் கோயில் மண்டபத்தில் வைக்க நினைத்து, உர்சுலாவின் அறைக்கு வந்தார்.

கோட்டை விரித்ததும் அவர் தோள்பட்டையைத் தடவிப் பார்த்தார். வலது கை ஓரத்தைத் திருப்பினார். அங்கே தீய்ந்த தழும்பு இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஃபிட்டருங்க கோட்டுல தோள்ல வில்லை குத்தியிருக்கும். இதுல குத்துன ஓட்டையே இல்ல. இது கூலியாளுங்க கோட்டு. இந்தத் தழும்பு எனக்குத் தெரியும். கிள்ளான் பக்கம் பக்கிரிசாமின்னு ஒருத்தன், நெருப்புல காயவெச்சு கருக்கிட்டான். ரெண்டு பேரும் காலராவுல ஒரே கூடாரத்துலதான் கிடந்து கண்ண மூடினாங்க. மாத்தி அனுப்பிட்டாங்க போல."

"தெரியும்ண்ணே."

"என்ன தெரியும்?"

"இது அவரோடது இல்லன்னு. அவரு கை இதவிட நீளம். பிரிச்ச அன்னிக்கே அளந்து பாத்துட்டேன்."

"அப்புறம் ஏம்மா இத்தன வருஷமா?"

"அவரோடத எவளோ ஒருத்தி வெச்சிருப்பா இல்ல? நான் இத நல்லா பாத்துக்கிட்டா அவளும் அத நல்லா பாத்துக்குவான்னு தோணுச்சு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோட்டை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினார்கள். பக்கிரிசாமியின் மனைவி வீரம்மா இன்னும் அவன் வேலை செய்த ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடொன்றில்தான் இருந்தாள். டொமினிக் விவரம் சொன்னதும் அவள் முகம் வெளிறியது.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. அவரோடதுன்னு நெனச்சுத்தான் போட்டுக்கிட்டேன். விடியக்காலைல ரப்பர் மரத்துல பால் வெட்டப் போறப்ப குளிரு, கொசு. கிழிஞ்சு கிழிஞ்சு ஒண்ணுமே மிஞ்சல."

 "குளிரு தாங்குச்சா?" என்று உர்சுலா கேட்டாள்.

"தாங்குச்சுக்கா. நல்லா தாங்குச்சு."

கணவன் போன செய்தி வந்த நாளில்கூட அழாத உர்சுலா அப்போது அழுதாள்.

வீரம்மா கோட்டை வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்தாள். பாச்சை உருண்டை நெடிதான் வந்தது. "அவரு வாசமே இல்லியேக்கா" என்று மெல்லச் சொல்லி, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "இங்க கரையான் விடாது. உங்ககிட்டயே இருக்கட்டும்."

அதன்பின் வருஷாவருஷம் கணவனின் திதி முடிந்த மறுநாள் வீரம்மா பிரிக்பீல்ட்ஸ் வருவாள். உர்சுலா கோட்டை மேசையில் விரித்துவைப்பாள். இருவரும் சாப்பிடுவார்கள். பேச்சு கோட்டை விட்டு எங்கெங்கோ போகும்.

உர்சுலா நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் இறந்தபோது தோட்டத்துக்குச் சேதி போகவில்லை. அந்த வருஷம் வீரம்மா வந்து கதவைத் தட்டினாள். வேறு யாரோ திறந்தார்கள். விசாரித்துக்கொண்டு டொமினிக்கின் வீட்டுக்குப் போனாள். உர்சுலாவின் அறையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கோட்டை அவர் எடுத்து நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

"அக்காவை எங்க வெச்சிருக்கீங்க?"

கல்லறைக்குக் கூட்டிப்போனார். கிள்ளான் ரயிலுக்கு நேரமாகும்வரை அவள் மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது கேட்டாள்:

"இனிமே நான் யாரப் பாக்கண்ணே வர்றது?"

 கோட்டு டொமினிக்கிடமே தங்கிவிட்டது. வீரம்மா பிறகு வரவில்லை.